கலைப் புகைப்படம் விற்க லோகோவுக்கு முன் வேண்டியது

கேள்வி சுருக்கமாக இது: "எட்டு வருடமாகக் கலைப் புகைப்படங்கள் எடுக்கிறேன். கடல், மூடுபனி, ஆளில்லாத அறைகள், இரவுத் தெருக்கள் என்று நிறையச் சேர்ந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 20,000 பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். இதுவரை விற்றது 4 பிரிண்ட்தான். நான்கையும் வாங்கியது நண்பர்கள். பிழைப்புக்குத் திருமணப் படங்கள் எடுக்கிறேன். இனி லோகோ, இணையதளம், விளம்பரம் என்று ஒழுங்காக ஒரு பிராண்டை உருவாக்கலாம் என்று பார்க்கிறேன். எங்கிருந்து தொடங்குவது, என்ன விலை வைப்பது?"

இருபது வருடங்களுக்கு மேலாக என் படங்களை விற்றும், மற்றவர்களின் படங்களை அச்சிட்டுக் கொடுத்தும் வருகிறேன். இதே கேள்வியோடு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்கள் படம் போனில் இலவசமாகக் கிடைக்கிறது. பிடித்தால் லைக் போடலாம், வால்பேப்பராகக்கூட வைத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க ஒருவர் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

ஓவியருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. நம்மிடம் இருப்பதோ எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடக்கூடிய ஒரு கோப்பு. ஆயிரம் பிரிண்ட் போட்டாலும் ஆயிரமாவது பிரிண்ட் முதல் பிரிண்ட் போலவேதான் இருக்கும். அதனால் வாங்குபவர் படத்தோடு சேர்த்து உங்கள் வாக்கையும் வாங்குகிறார். இத்தனைக்கு மேல் போட மாட்டேன், இந்தப் பேப்பர் மஞ்சளாகாது, இதை நானே பார்த்து அச்சிட்டேன், நாளைக்கு இதைவிட மலிவாக வேறு ஒருவருக்குக் கொடுக்க மாட்டேன் என்கிற வாக்கு. தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. இந்தத் தொழிலில் பிராண்ட் என்று நான் சொல்வது அந்த நாணயத்தைத்தான். லோகோவைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' படம் தெரிந்திருக்கும். சாம்பல் வானம், பச்சைப் புல், நடுவில் ஆறு, அவ்வளவுதான். 2011 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. "இதை நானும் எடுப்பேனே" என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் விலை படத்துக்கு மட்டும் வந்தது இல்லை. அந்தப் படத்தின் பிரிண்ட் மொத்தம் 6 தான். அதில் ஒன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்திலும் ஒன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அதன் பின்னால் ஒரே திசையில் பல வருடம் உழைத்த ஒருவரின் மொத்த வேலையும் நிற்கிறது. வாங்கியவருக்கு இதெல்லாம் தெரியும்.

எண்ணிக்கை குறைவாக இருப்பது மட்டுமே போதும் என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்துக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. பல பத்தாண்டுகள் தன் இருட்டறையில் அதைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் முன்னைவிடக் கறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு மாதிரி, பிரிண்ட் என்பது அதை வாசிப்பது மாதிரி என்று அவரே சொல்வார். அவர் கொடுத்த வாக்கு எண்ணிக்கையில் இல்லை, கைவேலையில் இருந்தது. உங்கள் வாக்கு எதுவாகவும் இருக்கட்டும். அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை வாங்குபவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் படங்களுக்கு வருவோம். கடல், மூடுபனி, ஆளில்லாத அறைகள், இரவுத் தெருக்கள். இது ஒரு புகைப்படக்காரரின் வேலையாகத் தெரியவில்லை, நாலு பேரின் வேலையாகத் தெரிகிறது. பெயரை மறைத்துவிட்டு உங்கள் படம் ஒன்றை மற்ற பத்துப் படங்களோடு வைத்தால், பார்ப்பவர் உங்களுடையதை எடுத்துக்காட்ட முடியுமா? முடியாது என்றால் எவ்வளவு விளம்பரம் செய்தாலும் அது யார் நினைவிலும் தங்காது.

பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியைப் பாருங்கள். 1959இலிருந்து ஜெர்மனியிலும் மற்ற நாடுகளிலும் தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், சுரங்கக் கோபுரங்கள் இவற்றையே எடுத்தார்கள். மேகமூட்டமான வானம், நேர்முகமான கோணம், கறுப்பு வெள்ளை, அதையும் வரிசையாகக் கட்டம் கட்டி மாட்டுவது. ஹிரோஷி சுகிமோட்டோ 1980இல் தொடங்கிய கடல் படங்களில் கீழ்ப்பாதி நீர், மேல்பாதி வானம், வேறு எதுவும் கிடையாது. மைக்கேல் கென்னா, மற்றவர்கள் எல்லாம் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டிருந்த காலத்திலும், சுமார் 20 சென்டிமீட்டர் சதுரத்திலேயே நின்றார். அந்தப் படத்தைப் பார்க்க நீங்கள் கிட்டே போய்த்தான் ஆக வேண்டும். இவர்கள் யாரும் பிராண்டை உருவாக்கலாம் என்று உட்கார்ந்து திட்டம் போட்டவர்களாக எனக்குத் தெரியவில்லை. ஒன்றைப் பிடித்தார்கள், விடவில்லை.

உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். எட்டு வருடப் படங்களிலிருந்து 60 எடுங்கள். திரையில் பார்த்தால் போதாது, உள்ளங்கை அளவுக்கு மலிவான பேப்பரில் பிரிண்ட் போட்டு அறையின் தரையில் பரப்புங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும், போகும்போதும் வரும்போதும் பாருங்கள். அப்புறம் வேறு யாரும் எடுத்திருக்கக்கூடிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். அழகான படங்கள்தான் முதலில் போகும், மனசு வலிக்கும், போகட்டும். என்னிடம் வந்த ஒருவர் இப்படிப் பரப்பியபோது, 60இல் 11 படங்களில் பாதி திறந்த கதவு இருந்தது. எடுத்தவருக்கே அதுவரை அது தெரியாது. அடுத்த மூன்று வருடம் அவர் அந்தக் கதவுகளைத்தான் எடுத்தார். இன்று அவரை மற்ற புகைப்படக்காரர்கள் குறிப்பிடுவதே அந்தக் கதவுகளை வைத்துத்தான்.

உங்கள் படங்களைப் பார்க்காமலே ஒன்று சொல்வேன், தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். கடலும் மூடுபனியும் ஏற்கெனவே பலர் எடுக்கிற, நெரிசலான இடங்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் 'ஆளில்லாத அறைகள்' என்பதில் மட்டும்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது: யாருடைய அறைகள்? ஏன் ஆளில்லை? பார்ப்பவர் இப்படிக் கேட்கிற இடத்தில்தான் ஒரு தொடர் இருக்கும். 15 முதல் 20 படங்கள் உள்ள ஒரு தொடர் முடியும் வரை இணையதளம், விளம்பரம் எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

தொடரோடு போகிற குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சறுக்காத ஆளே இல்லை. ஒரு பெண் தன் படங்களோடு வந்தார். குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: "ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான உரையாடலின் வழியே காலத்தின் நிலையாமையை ஆராயும் முயற்சி." இதைக் கடற்கரைப் படத்துக்கும் போடலாம், காய்கறிப் படத்துக்கும் போடலாம். பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன எடுத்தீங்க, சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டி போன பிறகு அவங்க வீடு பூட்டியே கிடந்தது. நாலு வருஷம், மாசத்துல ஒரு நாள் போய், விளக்குப் போடாம, ஜன்னல்ல வர்ற வெளிச்சத்துல மட்டும் எடுத்தேன்" என்றார். அதையே எழுதுங்கள் என்றேன். எழுத்துநடைக்கு மாற்றியதைத் தவிர வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கண்காட்சியில் ஆட்கள் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் திரும்ப முதல் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கியதை நான் நின்று பார்த்தேன். எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்று நாலு வாக்கியம் எழுதினால் போதும். எப்படி எடுத்தது என்பதை இப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் பரிசு பெற்ற போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று சொல்லிப் பரிசையே மறுத்தார். அதற்கப்புறம் "இது கேமராவில் எடுத்ததா?" என்று வாங்குபவர்கள் என்னிடமே கேட்கிறார்கள். கேட்கும் முன்னால் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது எடிஷன். ஒரு படத்தை மொத்தம் எத்தனை பிரிண்ட் போடுவீர்கள் என்ற கணக்கு இது. 15 என்று முடிவு செய்தால் ஒவ்வொரு பிரிண்டிலும் 1/15, 2/15 என்று எண்ணும் கையெழுத்தும் போடுவீர்கள், பதினைந்தாவது விற்றதும் அந்தப் படத்துக்குக் கடையை மூடுவீர்கள். அதோடு கலைஞருக்கென்று ஒன்றிரண்டு பிரிண்டுகள் வைத்துக்கொள்ளலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எத்தனை என்பதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் அளவுகோலாக வைத்துக்கொள்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி விதியை. கலைஞரே எடுத்து, அவரே அல்லது அவர் மேற்பார்வையில் அச்சிட்டு, கையெழுத்தும் எண்ணும் போட்டு, எல்லா அளவுகளையும் சேர்த்து 30 பிரிண்டுக்கு மிகாமல் இருந்தால்தான் ஒரு புகைப்படத்தை அது கலைப் படைப்பாக எடுத்துக்கொள்கிறது. 'எல்லா அளவுகளையும் சேர்த்து' என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிறியதில் 15, நடுத்தரத்தில் 15, பெரியதில் 15 என்று போட்டுவிட்டு 'எடிஷன் 15' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கணக்கில் அது 45.

இந்த அளவுச் சிக்கல் பெரிய இடத்திலேயே வழக்கு வரை போயிருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எக்ல்ஸ்டனின் பழைய வண்ணப் படங்கள், டை டிரான்ஸ்ஃபர் என்கிற பழைய வண்ண அச்சுமுறையில் சிறிய அளவில், குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்தவை. 2012 மார்ச்சில் அதே படங்கள் சில, டிஜிட்டல் முறையில் மிகப் பெரிதாகப் புதிதாக அச்சிடப்பட்டு ஏலத்துக்கு வந்தன. 36 பிரிண்டுகள் 59 லட்சம் டாலர் அளவுக்கு விற்றன. பழைய பிரிண்டுகளைச் சேர்த்து வைத்திருந்த ஒருவர், தன்னிடம் இருப்பவற்றின் மதிப்பு போய்விட்டது என்று வழக்குப் போட்டார். வேறு அளவு, வேறு முறை என்பதால் புதியவை தனி எடிஷன்தான் என்று நியூயார்க் நீதிமன்றம் 2013இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி எக்ல்ஸ்டன் பக்கம் தவறில்லை. அந்தப் பெயரின் உயரத்துக்கு, வாங்கியவரின் மனவருத்தத்தை அவர் தாங்கிக்கொள்ள முடியும். உங்களாலும் என்னாலும் முடியாது.

எனக்கே நடந்தது. தொடக்க காலத்தில் ஒரு படத்துக்கு 10 பிரிண்ட் என்று சொல்லி 7 விற்றிருந்தேன். ஓர் அலுவலகத்தின் வரவேற்பறைக்கு அதே படத்தை மிகப் பெரிதாகக் கேட்டார்கள். அளவுதான் வேறாயிற்றே என்று எண் எதுவும் போடாமல் அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தப் பத்தில் மூன்றாம் எண் பிரிண்டை வாங்கியிருந்த ஓர் அம்மா ஏதோ வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அன்று மாலையே போன் செய்தார். கோபப்படவில்லை. "எங்க வீட்ல இருக்கிறது பத்துல ஒண்ணுன்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "படம் இருக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் வாங்கவில்லை. எவ்வளவு பேர் என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் போனதுதான் அதில் பெரிய நஷ்டம்.

அன்றிலிருந்து கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். படத்துக்கு ஒரு பக்கம். மேலே படத்தின் பெயர், எடுத்த வருடம், எடிஷன் எண்ணிக்கை, அனுமதித்த அளவுகள், பேப்பர். கீழே எண் வாரியாக அச்சிட்ட தேதி, அளவு, யாரிடம் போனது, என்ன விலை. கெட்டுப்போய்க் கிழித்த பிரிண்டையும் எழுதுவேன். இதைக் கணினியிலும் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. வாங்க வந்தவர் முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் கண்ணெதிரே எண்ணை எழுதும்போது கிடைக்கிற நம்பிக்கை எந்த விளம்பரத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. பிரிண்டோடு ஒரு சான்றிதழும் கொடுங்கள். இதே விவரங்கள், உங்கள் கையெழுத்து, தேதி, அதுவே போதும்.

எண்ணிக்கை வரம்பு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயமான வழிதான், சொல்லிவிட்டுச் செய்தால். மேக்னம் புகைப்படக் கூட்டமைப்பு 2014 முதல் நடத்துகிற சதுரப் பிரிண்ட் விற்பனையில் எண்ணிக்கை வரம்பு இல்லை. 6 அங்குலச் சதுரம், பல வருடம் 100 டாலர் விலை, சில நாள்களுக்கு மட்டும் விற்பனை. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுவதால் வாங்குபவருக்குக் குழப்பமே இல்லை. கூடாதது இரண்டையும் கலப்பதுதான்: ஒரே படத்தை எடிஷனிலும் விற்றுவிட்டு, போஸ்டராகவும் குவளையிலும் போட்டு விற்பது.

விலை. இங்கே நான் தொகை சொல்லப் போவதில்லை, இடத்துக்கு இடம் மாறும். கணக்கு போடும் விதத்தைச் சொல்கிறேன். பேப்பர், மை, கெட்டுப்போகிற பிரிண்ட், சான்றிதழ், பெட்டி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு பிரிண்டுக்கு 100 ஆகிறது என்று வையுங்கள். நீங்களே விற்பதால் 200 போதும் என்று தோன்றும். ஆனால் கேலரி மூலம் விற்றால் வழக்கமாகப் பாதி அவர்களுக்குப் போகும். 200இல் 100 கேலரிக்கு, 100 செலவுக்கு, உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்போது கேலரியில் மட்டும் விலையை ஏற்றினால், நீங்கள் நேரடியாக மலிவாக விற்பதைப் பார்த்துக் கேலரிக்காரர் கோபப்படுவார். விலையைக் குறைத்தால் கேலரியே வராது. அதனால் கேலரியின் பங்கையும் சேர்த்தே முதல் நாளிலிருந்து விலை வையுங்கள். எங்கே வாங்கினாலும் ஒரே விலை. நேரடியாக விற்கும்போது அந்தப் பாதி உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எடிஷன் தீரத் தீர விலை ஏறுவது நல்ல முறை. பதினைந்தில் முதல் ஐந்துக்கு ஒரு விலை, அடுத்த ஐந்துக்கு ஒன்றரை மடங்கு, கடைசி ஐந்துக்கு இரண்டரை மடங்கு என்று வைத்து, இந்தப் பட்டியலை முதலிலேயே வெளியிட்டுவிட்டால், உங்களை முதலில் நம்பியவருக்கு அது மரியாதை செய்த மாதிரி. தள்ளுபடி மட்டும் ஒருபோதும் வேண்டாம். பண்டிகைக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று போடுகிற அன்று, போன மாதம் முழு விலை கொடுத்தவர் அதைப் பார்ப்பார். நண்பருக்குக் குறைத்துக் கொடுக்க மனம் வந்தால், சிறிய அளவில் ஒன்றைப் பரிசாகவே கொடுத்துவிடுங்கள். தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏற்றலாம், ஏற்றியதை இறக்க முடியாது.

பிரிண்டின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பருத்திப் பேப்பர், நிறமி மை, அமிலமில்லாத மவுண்ட் அட்டை. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 'மியூசியம் குவாலிட்டி' என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குத் திட்டவட்டமான பொருள் கிடையாது. பேப்பரின் பெயரையும் எடையையும் எழுதுங்கள், தெரிந்தவருக்குப் புரியும், தெரியாதவர் தேடிப் பார்ப்பார். பெட்டியைப் பிரிப்பதை மட்டும் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். ஒரு பிரிண்டை உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்ததும் பிரியுங்கள். டேப்பைக் கத்தியால் கிழிக்கும்போது முனை படத்தின் மேல் படுகிறதா? பேப்பரை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரிகிறதா? நான் ஓரத்தில் வெறும் வெள்ளை இடம் விட்டு அச்சிட்டு, படத்துக்குக் கீழே பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் போடுவேன். மேலே மெல்லிய அமிலமில்லாத தாள் ஒன்று, அதற்கு மேல் எப்படி எடுப்பது, எப்படி ஃபிரேம் போடுவது, வெயில் நேராகப் படும் சுவரில் ஏன் மாட்டக்கூடாது என்று கையால் எழுதிய ஒரு சிறு சீட்டு. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

யார் வாங்குவார்கள் என்பதற்கு வருவோம். உங்களைப் பின்தொடர்கிற 20,000 பேரில் பெரும்பாலோர் மற்ற புகைப்படக்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள், எந்த லென்ஸ் என்று கேட்பார்கள். வாங்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாமும் மற்றவர் படத்தை வாங்குவது அபூர்வம்தான்.

வாங்குபவர்களில் ஒரு சாரார் வீட்டுக்காக வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் படம் சுவரில் எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓர் அறையில் மாட்டிய படத்தைக் காட்டுங்கள், அளவைச் சொல்லுங்கள், ஃபிரேமோடு வேண்டுமா என்று கேளுங்கள். அவர்களிடம் எடிஷன் பற்றி இரண்டு வரி போதும். இன்னொரு சாரார் உள்அலங்கார வடிவமைப்பாளர்கள். இவர்களைப் புகைப்படக்காரர்கள் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள், அது தவறு. ஒரு வடிவமைப்பாளருக்கு ஒரே நேரத்தில் ஆறு படம் வேண்டியிருக்கும், வேலை பிடித்துவிட்டால் வருடா வருடம் திரும்ப வருவார். அவருக்கு உங்கள் மனசின் ஆழத்தைப் பற்றிய பேச்சு வேண்டாம். எந்தெந்த அளவு, எத்தனை நாளில் வரும், கனம் எவ்வளவு, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்குமா, இந்த நாலுக்கும் உடனே பதில் சொல்கிற ஒற்றைப் பக்கத் தாள் ஒன்று இருந்தால் போதும். சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். என் வருமானத்தில் நல்ல பங்கு இப்படித் திரும்பத் திரும்ப வந்த மூன்று பேரிடமிருந்துதான் வந்தது.

மூன்றாவது சாரார் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும். இவர்கள் மெதுவானவர்கள். முதல் முறை பார்த்துவிட்டு மூன்று வருடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த தொடரிலும் அதே கவனம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவசரப்படுத்தினால் போய்விடுவார்கள்.

இவர்கள் எல்லோரையும் சேர்த்து வைக்கிற இடம் மின்னஞ்சல் பட்டியல். நூறு பேர் இருந்தால்கூட, கேட்டுச் சேர்த்த நூறு பேராக இருக்க வேண்டும். வருடத்துக்கு நாலைந்து கடிதம் போதும். "புதிய பிரிண்டுகள் வந்துவிட்டன, வாங்குங்கள்" என்று எழுதாதீர்கள். ஒரு படம், அது எடுக்கப்பட்ட நாளைப் பற்றி ஐந்தாறு வரி, கடைசியில் எத்தனை பிரிண்ட் மிச்சம் என்பது ஒரு வரியில். இன்ஸ்டாகிராம் இந்தப் பட்டியலுக்கு ஆள் கொண்டுவரும் வாசலாக இருக்கட்டும். விதிமுறை மாறினால் அங்கே இருக்கிற 20,000 பேரும் ஒரே நாளில் உங்கள் கண்ணுக்கு எட்டாமல் போய்விடலாம். பட்டியல் உங்களுடையது.

கேலரியைத் தேடிப் போகும்போது, முதலில் அங்கே பார்வையாளராகப் போங்கள். நாலு கண்காட்சி பாருங்கள். உங்கள் வேலை அவர்கள் சுவரில் பொருந்துமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஐம்பது கேலரிக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவது பயனில்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை பிரிண்ட் கொடுத்தீர்கள், எவ்வளவு காலம், பங்கு எவ்வளவு, விற்றால் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு. சுவருக்கு வாடகை கேட்டுவிட்டு 'தேர்வாகியிருக்கிறீர்கள்' என்று கடிதம் அனுப்புகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு வருமானம் உங்களிடமிருந்தே வந்துவிடுகிறது, படத்தை விற்க வேண்டிய அவசரம் இல்லை. அந்தப் பணத்துக்கு போர்ட்ஃபோலியோ பார்வைக்குப் போகலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் ஃபோட்டோஃபெஸ்ட், பிரான்சின் ஆர்ல் புகைப்பட விழா போன்றவற்றில் கட்டணம் கட்டினால் அருங்காட்சியகக் காப்பாளர்கள், பதிப்பாளர்கள், கேலரிக்காரர்கள் உங்களோடு சில நிமிடம் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். ஒரே ஒரு தொடரைக் கொண்டுபோங்கள், பிரிண்டாகவே கொண்டுபோங்கள், அவர்கள் பார்க்கும்போது பேசாதீர்கள். அப்புறம் நன்றி சொல்லி ஒரு கடிதம். அடுத்த தொடர் முடிந்ததும் இன்னொன்று.

சுவரைத்தான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தியப் புகைப்படக்காரர் தயானிதா சிங் புத்தகத்தையே தன் கலைப்பொருளாக ஆக்கிக்கொண்டார். மடித்து விரிக்கும் சிறு புத்தகங்கள், வாங்கியவரே இடம் மாற்றி வைத்துக் காட்சிப்படுத்தக்கூடிய மரச்சட்டங்கள் என்று போனார். 2022இல் புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது அவருக்கு வந்தது. தன் படங்கள் எந்த வடிவத்தில் இருக்க விரும்புகின்றன என்று அவர் கேட்டுக்கொண்டதாக எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அறைகள் ஒருவேளை ஒரு சிறு பெட்டிக்குள் பத்துப் படமாக இருக்க விரும்பலாம்.

திருமணப் படங்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் கொஞ்சமும் இல்லை, அந்த வருமானம்தான் அவசரப்பட்டு விலையைக் குறைக்காமல் உங்களைக் காப்பாற்றும். தளம் மட்டும் வேறாக இருக்கட்டும். அறைகளைப் பார்க்க வந்தவருக்கு மாலையும் மேடையும் முதலில் தெரிந்தால் அவர் குழம்பிவிடுவார்.

லோகோ தேவையில்லை. படத்துக்கு நடுவே வாட்டர்மார்க்கும் வேண்டாம். இணையத்தில் சிறிய அளவில் போட்டால் போதும். எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் உங்கள் பெயர், பிரிண்டில் உங்கள் கையெழுத்து. பணம் கொடுத்துப் போடும் விளம்பரம் ஒன்று மட்டும் எனக்குப் பயன்பட்டிருக்கிறது: கண்காட்சி நடக்கும் நாள்களில், அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு அழைப்பு.

இன்று செய்ய வேண்டியது என்று கேட்டால், ஒரு நோட்டு வாங்குங்கள். நண்பர்கள் வாங்கிய அந்த 4 பிரிண்டுகள் எந்தெந்தப் படம், எந்த அளவு, எப்போது கொடுத்தீர்கள் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். அந்தப் படங்களுக்கு எடிஷன் எத்தனை என்று முடிவு செய்து, இவற்றை அதன் முதல் எண்களாகப் பதியுங்கள். பிறகு அந்த நான்கு பேர் வீட்டுக்கும் நேரில் போய், ஃபிரேமைக் கழற்றி, பென்சிலால் எண்ணையும் கையெழுத்தையும் போட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.